கீழ் வரிசையில் ஓர் இடம்

வெந்நீர் போட்டது அண்ணி. பாழானது என் ஆறு பற்கள்.

அண்ணியைக் குற்றம் சொல்ல முடியாது. குளிக்கப் போகிறவள் ஹீட்டரைப் போடத்தான் செய்வாள். மாடிக் குளியலறை ஹீட்டரும் என் அறையின் பிளக்கும், சுமை கூடினால் தானே விழுந்து கரன்ட்டை வெட்டும் ஒரே டிரிப்பரில் இருந்தன. உலை எண்ணூற்றைம்பது டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து 'டப்' என்று சத்தம் வந்தது. உலை முகப்பில் எரிந்துகொண்டிருந்த எண்கள் அணைந்தன. காற்றை உறிஞ்சும் பம்ப் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பாதிச் சூட்டில் உள்ளே காற்று புகுந்தால் பீங்கான் பால்போல வெளுத்துப்போகும். ஆறவிட்டு எடுத்துப் பார்த்தேன். ஆறும் வெந்த மீனின் கண்ணைப் போல மங்கிக் கிடந்தன.

நான் பல் செய்கிறவள். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். நான் பீங்கான் மாவைத் தண்ணீரில் குழைத்து, தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்றி, உலையில் சுட்டுப் பல்லாக்குவேன். பதினெட்டு வருஷம் இதையே ஒரு லேபில் சம்பளத்துக்குச் செய்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடைவாய்ப் பல்லில் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்திருந்தது. மேலே பளபளப்பு பூசி அனுப்பிவிடு, யார் கண்ணுக்கும் தெரியாது என்றார் முதலாளி. என் கண்ணுக்குத் தெரிகிறது என்றேன். அப்படியென்றால் உன் கண்ணை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்றார். போய்விட்டேன்.

சேமிப்பில் பாதியை உலைக்குக் கொடுத்தேன். மாடியில் என் அறையிலேயே மேசை போட்டேன். தெரிந்த ஒரு டாக்டரம்மா நம்பி ஒரு வேலை கொடுத்தார்: ஓர் ஆசிரியைக்கு மேல்வரிசை முன்பற்கள் ஆறு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வந்து நாற்காலியில் உட்காருவார். "ஆறும் சரியா உட்கார்ந்தா இனிமே என் வேலை எல்லாம் உனக்குத்தான். உட்காரலைன்னா நான் பழைய இடத்துக்கே அனுப்பிக்கிறேன், வருத்தப்படாதே" என்று டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

பற்கள் பாழானது வெள்ளிக்கிழமை. அன்று சாப்பிடும்போது அண்ணன் சொன்னார்.

"உன் முதலாளிகிட்ட பேசிட்டேன். திங்கக்கிழமை வந்துடுவான்னு சொல்லியிருக்கேன். பெரிய மனுஷன், எதையும் மனசுல வச்சுக்கலை."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்ப?"

"நாளைக்கு எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வரச் சொல்லியிருக்கேன். உலைக்குத் தனி லைன் இழுக்கணும்."

அண்ணன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "வீடு தாங்காது."

"தாங்குமான்னு அவரு பாத்துச் சொல்லட்டும்."

"நான் சொல்றேன். தாங்காது. குடும்பம் நடத்துற வீட்ல உலையை வச்சுக்கிட்டு, பல்லைச் சுடறேன் பல்லைச் சுடறேன்னு... வெளியில சொன்னா சிரிப்பாங்க."

"சிரிக்கிறதுக்கும் பல்லு வேணுமில்ல" என்றாள் அண்ணி.

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். அழுத்தக்காரின்னு தெரிஞ்சும் வாயைக் குடுக்கிறீங்களே, அதைச் சொன்னேன்."

சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயர். நான் அதிகம் பேசுவதில்லை. என் பேச்சைவிட என் மௌனத்துக்குத்தான் இங்கே பயம்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். பஸ் டிப்போவில் உதிரிபாக ஸ்டோரை முப்பது வருஷம் பார்த்தவர். எந்த ரேக்கில் எத்தனையாவது அறையில் எந்த நட்டு இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அம்மாவும் அப்பாவும் போனபிறகு வீட்டைப் பிரித்துக்கொண்டோம். கீழே அவருக்கு, மாடி எனக்கு. அதோடு அவருக்கு மனம் ஆறவில்லை. படிக்கட்டுக்கு அடியில் செருப்பு அலமாரிக்கு மேலே இருந்த மின்சாரப் பெட்டியையும் பிரித்தார். பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு இரண்டு வரிசைப் பெட்டி வாங்கி மாட்டினார். மேல் வரிசை மாடிக்கு, கீழ் வரிசை கீழ்வீட்டுக்கு. நடுவில் தன் கையாலேயே பச்சைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார். மறுநாள் வந்து பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்ததை நான் படியில் நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை காலை டெஸ்டர் வந்தார். சட்டைப் பையில் எப்போதும் கரன்ட் பார்க்கும் டெஸ்டர் ஒன்று குத்தியிருக்கும். அதனால் அந்தப் பெயர். தெருவில் பாதி வீடுகளுக்கு அவர்தான் வயரிங். கை வேலை செய்யும்போது வாயும் வேலை செய்யாவிட்டால் அவருக்கு முடியாது.

மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, மெயின் சுவிட்சின் எண்ணைப் படித்தார். உலையின் பின்னால் ஒட்டியிருந்த தகட்டையும் மாடிக்கு ஏறி வந்து படித்துவிட்டுப் போனார்.

"வீடு தாராளமா தாங்கும் சார். இன்னும் ரெண்டு உலை வச்சாலும் தாங்கும். பதினாறு ஆம்பியர் டிரிப்பர் ஒண்ணு, இரண்டரை எம்எம் ஒயர். அவ்வளவுதான்."

அண்ணன் முகம் சுருங்கியது. "இடம் ஏது? மேல் வரிசை நிரம்பியாச்சு."

"கீழ ரெண்டு காலியா இருக்கே சார்."

"அது எங்களுது. ஏசி போடறப்ப வேணும்."

"ஏசி எப்ப போடறீங்க?"

"போடறப்ப."

டெஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியின் அருகே போய் மேல் வரிசையில் விரல் வைத்தேன்.

"அண்ணா, இது என்ன?"

"தண்ணி மோட்டார்."

"தண்ணி யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"இது?"

"வாசல் மணி."

"என்னைப் பாக்க யாரு வர்றா? இது?"

அது வாசல் கேட்டின் விளக்கு. அதற்கடுத்தது மாடிக் குளியலறை ஹீட்டர். கீழே ஹீட்டர் இல்லாததால் எல்லோரும் அங்கேதான் குளிக்கிறோம். எட்டு டிரிப்பரில் நான்கு பொதுவானவை. பொதுவானது எல்லாம் மாடிக் கணக்கில் இருந்தது. ஆறு வருஷமாக எனக்குத் தெரியும். கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"மோட்டாரைக் கீழ எடுத்துக்குங்க. இல்லைன்னா எனக்குக் கீழ ஒரு இடம் குடுங்க. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சரி."

அண்ணன் பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். ஸ்டோரில் சீட்டு இல்லாமல் சாமான் கேட்கிறவனைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. டிரிப்பரை வேணும்னா அங்க மாட்டிக்கட்டும். ஆனா மாடி ஒயர் மாடிக் கட்டையிலதான் சேரணும். எங்க கட்டையில உன் ஒயர் எதுவும் இருக்கக் கூடாது. டெஸ்டர், புரிஞ்சுதா?"

கட்டை என்று அவர் சொன்னது, கரன்ட் திரும்பி வரும் நியூட்ரல் ஒயர்களை வரிசையாக முறுக்கி வைக்கும் பித்தளைப் பட்டையை. பெட்டியில் இரண்டு வரிசைக்கும் இரண்டு பட்டைகள்.

"புரிஞ்சுது சார்" என்றார் டெஸ்டர்.

குழாய் அடித்து, சுவரில் துளை போட்டு, படிக்கட்டு ஓரமாகவே ஒயர் ஏறியது. சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றையும் ஒரு கம்பியில் கட்டி அவர் கீழேயிருந்து தள்ள, நான் மேலேயிருந்து இழுத்தேன். நடுவில் பெட்டியின் இரண்டு பெரிய சுவிட்சுகளைக் காட்டி அவற்றின் கதையையும் சொன்னார்.

"இவனுங்க ரெண்டு பேரும் வாட்ச்மேன், தங்கச்சி. மேல் வரிசைக்கு ஒருத்தன், கீழ் வரிசைக்கு ஒருத்தன். வெளிய போற கரன்ட்டை எண்ணுவான், திரும்பி வர்றதை எண்ணுவான். துளி குறைஞ்சாலும், எங்கயோ யார் உடம்பு வழியாவோ போகுதுன்னு அர்த்தம். உடனே கதவைச் சாத்திடுவான். லஞ்சம் வாங்காத ஒரே வாட்ச்மேன்."

பகல் பன்னிரண்டுக்கு வேலை முடிந்தது. என் அறையில் புதிய பிளக் பாயின்ட் சுவரில் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. உலையை வெறுமையாகவே போட்டுப் பார்க்க நினைத்தேன். சுவிட்சைத் தட்டினேன்.

கீழே இரண்டு முறை 'டப்' என்றது.

மின்விசிறி நின்றது. கீழே அண்ணியின் துணி துவைக்கும் இயந்திரம் முனகி அடங்கியது. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்த டிவியின் சத்தமும் அறுந்தது. பிறகு அண்ணனின் குரல் படியேறி வந்தது.

"சொன்னேன்ல? வீடு தாங்காதுன்னு சொன்னேன்ல?"

டெஸ்டர் மறுபடி ஏற்றினார். நான் மறுபடி தட்டினேன். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறையும். டெஸ்டர் மேலே வந்து உலையைச் சுற்றி வந்தார். பின்னால் தட்டிப் பார்த்தார்.

"உலையில லீக் இருக்கு தங்கச்சி. எடுத்த இடத்துலயே திருப்பிக் குடுத்துடுங்க."

"பழைய பிளக்கில எட்டு நாள் ஓடிச்சே?"

"எட்டு நாள் ஓடினது ஒன்பதாம் நாள் கெடாதா? மெஷின்தானே."

படியில் பாதியில் நின்றிருந்த அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை காலையில எட்டு மணிக்கு அங்க இருக்கணும்னு சொல்லியிருக்காரு. நானே கொண்டுபோய் விடறேன்." குரல் அன்பாகவே இருந்தது. அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

டெஸ்டர் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உலையின் முன்னால் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேசையில், பற்களுக்கு உள்ளே எலும்புபோல இருக்கும் ஆறு உலோகத் தொப்பிகள், சுட்ட பீங்கானையெல்லாம் சுரண்டி எடுத்தபின் நிர்வாணமாக வரிசையில் நின்றன. ஒரு பல் வாயில் சரியாக உட்காரவில்லை என்று திரும்பி வரும்போது எல்லோரும் பல்லைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் அளவு எடுத்த அச்சைப் பார்ப்பேன். பாதி நேரம் தவறு அங்கேதான் இருக்கும்.

கீழே போய் இரண்டு வாட்ச்மேன்களையும் நானே ஏற்றினேன். மேலே வந்து உலையின் பிளக்கைப் பிடுங்கினேன். வர்ணம் காய வைக்க நான் வைத்திருக்கும் பழைய மேசை விளக்கை, அறுபது வாட் குண்டு பல்பு, புதிய பாயின்ட்டில் செருகித் தட்டினேன்.

டப், டப்.

விளக்கைப் பழைய பிளக்கில் செருகினேன். கீழே போய் ஏற்றிவிட்டு வந்தேன். எரிந்தது.

ஆக, உலை கெட்டுப்போகவில்லை.

அதற்கப்புறம் ஒன்று மட்டும் என்னை உறுத்தியது. ஏன் இரண்டு சத்தம்? கரன்ட் எங்காவது கசிந்தால் அந்த வரிசையின் வாட்ச்மேன்தானே விழ வேண்டும். இரண்டு பேரும் ஏன் ஒரே நேரத்தில் கதவைச் சாத்துகிறார்கள்? படியில் உட்கார்ந்து, மூடி திறந்திருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதிய டிரிப்பர் கீழ் வரிசையில் இருந்தது. அதன் கறுப்பு ஒயர், கரன்ட் திரும்பி வரும் நியூட்ரல், மட்டும் பச்சைக் கோட்டைத் தாண்டி மேலே ஏறி மேல் பட்டையில் முடிந்தது. அண்ணன் சொன்னபடியே.

கீழ் வாட்ச்மேனைத் தாண்டிப் போகிற கரன்ட் அவனிடம் திரும்பவே இல்லை. மேல் வாட்ச்மேனிடம், அவன் அனுப்பாத கரன்ட் வந்து நிற்கிறது. ஒருவனுக்குக் குறைகிறது, இன்னொருவனுக்குக் கூடுகிறது. இரண்டு பேரும் நேர்மையானவர்கள். வீட்டைப் பிரித்தவருக்குக் கரன்ட்டையும் அப்படிப் பிரிக்கலாம் என்று தோன்றியிருக்கிறது.

டெஸ்டர் திரும்பி வந்ததும் நான் ஒன்றும் விளக்கவில்லை. மாடிக்கு அழைத்துப்போய் விளக்கைப் புதிய பாயின்ட்டில் தட்டிக் காட்டினேன், கீழே இரண்டும் விழுந்தன. பிறகு கீழே வந்து இரண்டையும் ஏற்றிவிட்டு, கறுப்பு ஒயரைத் தொடாமல் விரலால் காட்டினேன். அவர் வாய் திறந்தபடியே நின்றது. டார்ச்சை அடித்தார், அணைத்தார்.

"அட... என் புத்தியை..." தலையில் தட்டிக்கொண்டார். "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கிறேன் தங்கச்சி. சார் பக்கத்துல நின்னு சொன்னாரு, நானும் சரின்னு முறுக்கிட்டேன். உங்க உலை மேல வேற பழி போட்டேன்."

"கீழ மாத்திக் குடுங்க."

"என்ன மாத்தறது?" அண்ணன் வந்துவிட்டார். டெஸ்டர் விளக்கினார். போன வழியில்தான் திரும்ப வேண்டும் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் கேட்டு முடித்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க கட்டையைத் தொடக் கூடாது. சொல்லித்தானே இடம் குடுத்தேன்? அந்த டிரிப்பரையும் கழட்டு. போதும் இந்தக் கூத்து."

டெஸ்டர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "மெயினை அணைக்காம நான் எதையும் தொட மாட்டேன் சார். ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க."

நான் கையை நீட்டி மெயினைக் கீழே இழுத்தேன்.

வீடு அடங்கியது. செருப்பு அலமாரியில் சாய்ந்து, பெட்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டேன்.

"என்ன பண்றே? ஏத்து."

நான் அசையவில்லை.

"டிவியில ஆட்டம் போய்க்கிட்டிருக்கு. ஏத்துன்னு சொல்றேன்ல."

"மாத்தினதும் ஏத்தறேன்."

அவ்வளவுதான் நான் சொன்னது. பிறகு பேசவில்லை. அண்ணன் பேசினார். அப்பா இருந்திருந்தால் என்றார். பதினெட்டு வருஷ வேலையைத் திமிரில் விட்டவள் என்றார். யாரும் கேட்காத ஊரில் பல் சுட்டு யாருக்கு விற்பாய் என்றார். ஒரு கை தோளுக்கு வந்தது, நகர்த்தப் பார்த்தது. நான் கண்ணைத் தூக்கி அவரைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. கூடத்தில் வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நகர்த்திக்கொண்டே போனது. புழுக்கத்தில் எனக்கு முதுகு நனைந்தது. அவருக்கும் நனைந்திருந்தது. டெஸ்டர் கடைசிப் படியில் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரின் முனையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பயமில்லாமல் இல்லை. திங்கட்கிழமை காலை எட்டு மணியை நினைத்தேன். முதலாளியின் கண்ணாடி அறைக்கு முன்னால் நின்று, சரிங்க, பூசி அனுப்பிடறேன் என்று நான் சொல்வதை என் காதாலேயே கேட்டேன். அதைச் சொல்வதற்குப் பதில் இந்த அலமாரியில் சாய்ந்தபடி எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கலாம்.

சமையலறையிலிருந்து அண்ணி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மெஷினுக்குள்ள துணி சோப்புத் தண்ணியில ஊறிக்கிட்டு இருக்கு. கதவும் திறக்க மாட்டேங்குது. இன்னும் எவ்வளவு நேரம்?"

"இவகிட்ட கேளு."

"உங்ககிட்டதான் கேக்கிறேன். அந்தப் பித்தளைத் துண்டை அவ தொட்டா என்ன, தேஞ்சா போயிடும்?"

"விஷயம் தெரியாம பேசாதே. ஒரு தடவை விட்டா நாளைக்கு இது அவ வீடாயிடும்."

"பாதி அவ வீடுதானே?" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் திடுக்கிட்டதுபோலத் தெரிந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை. "டெஸ்டர், நீங்க மாத்துங்க. சாருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

டெஸ்டர் எழுந்திருக்கவில்லை. அண்ணனைத்தான் பார்த்தார். அண்ணன் அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார். முப்பது வருஷம் ரேக்குகளுக்கு நடுவில் நின்றவர், எந்த அறையிலும் அடங்காத சாமான் ஒன்று கையில் வந்துவிட்டதுபோல நின்றார்.

"என்னமோ பண்ணித் தொலைங்க" என்றார். போய் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் ஓடாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விலகினேன். டெஸ்டர் மெயின் அணைந்திருப்பதை இரண்டு முறை சோதித்துவிட்டு, கறுப்பு ஒயரை மேல் பட்டையிலிருந்து கழற்றி, பச்சைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து, கீழ் பட்டையில் முறுக்கினார். இரண்டு நிமிஷ வேலை. மெயினை ஏற்றினார். வாட்ச்மேன்களை ஒவ்வொருவராக ஏற்றினார். நான் மேலே ஓடிப்போய் உலையைத் தட்டினேன். முகப்பில் எண்கள் எரிந்தன. கீழே சத்தம் எதுவும் இல்லை. நூறு, இருநூறு, ஐந்நூறு. துணி துவைக்கும் இயந்திரம் உருளத் தொடங்கியது. "நிக்குதா?" என்று கீழேயிருந்து டெஸ்டர் கத்தினார். "நிக்குது" என்றேன்.

அன்று சாயங்காலம் முதல் அடுக்கை ஏற்றினேன். ஆறு தொப்பிகளுக்கும் மாவைக் குழைத்து, ஈரத்தை உறிஞ்சி, ஓரங்களைத் தூரிகையால் நிரவி, உலைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினேன். பம்ப் சீராக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எண்ணூற்றைம்பது. நேற்று எல்லாம் முடிந்த இடம். தாண்டியது. எண்ணூற்றெண்பது.

போன் அடித்தது. முதலாளி. அது அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன். தொள்ளாயிரத்து இருபதில் ஒரு நிமிஷம் நின்று, பம்ப் ஓய்ந்து, எண்கள் இறங்க ஆரம்பித்த பிறகு எடுத்தேன்.

"என்னம்மா, அண்ணன் சொன்னாரு. நல்லது. நடந்ததை விடு. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு, உன் மேசையை யாருக்கும் குடுக்கலை."

"நான் வரலை."

"அண்ணன், நீ வர்றேன்னு..."

"அவரு சொன்னதை அவர்கிட்டயே கேளுங்க. நான் வேலையில இருக்கேன், அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டேன். உலையின் அடித்தட்டு மெல்ல இறங்கியது. ஆறு பற்கள் செக்கச்செவேலென்று கீழே வந்தன. காற்றுப் பட்டுச் சிவப்பு வடிந்து, உள்ளிருந்து வெளிச்சம் கசியும் மஞ்சள் கலந்த வெண்மை எழுந்தது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பினேன். இடப்பக்கக் கோரைப்பல் எதிர்பார்த்ததைவிட அதிகம் சுருங்கியிருந்தது. நுனியில் அரை மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். மற்ற ஐந்தும் நின்றன.

தூரிகையைக் கழுவிவிட்டு, இரண்டாவது சூட்டுக்கு மாவு குழைக்க ஆரம்பித்தேன்.